காளானுக்குச் சொன்ன சாட்சி

போன செவ்வாய்க்கிழமை பகல். மாரெட்பள்ளியிலிருந்து செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் பை. வண்டிச் சாவியையும் கம்பெனி போனையும் முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாயிற்று. தெருமுனை திரும்பும்போது பின்னால் முதலாளியின் குரல்.

"பிரதர், டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போறீங்க."

திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன். வேலையை உதறிவிட்டுப் போகிறவன் டிபன் பாக்ஸுக்காகத் திரும்புவது அவ்வளவு கம்பீரமான காட்சி இல்லை. ஆனால் நல்ல டிபன் பாக்ஸ்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் வேலையை விடுவது ஒரு செய்தியே இல்லை. சூரத்தில் சாயப்பட்டறை, விஜயவாடாவில் லாரி ஷெட், நாக்பூரில் ஆரஞ்சு மண்டி... எட்டாவதோடு படிப்பு நின்றவனுக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும். எந்த ஊரிலும் அது நிலைக்காது. சம்பளம் வராமல் விட்டிருக்கிறேன். கை வெந்துபோய் விட்டிருக்கிறேன். சும்மா அலுத்துப்போயும் விட்டிருக்கிறேன். ஒரு வீடியோவுக்காக விட்டது இதுதான் முதல் தடவை.

என்ன வேலை? காளான் விற்கிற வேலை.

பிரியாணியில் போடுகிற காளான் இல்லை. மருந்துக் காளான். காயவைத்து, சாறு இறக்கி, கேப்ஸ்யூலில் அடைத்து, பளபளவென்று ஒரு டப்பாவில் வரும். ரெய்ஷி என்று ஒன்று. வான்கோழி வால் என்று இன்னொன்று — சத்தியமாக அதுதான் பெயர், விசிறி போல வரிவரியாக இருக்கும். கேன்சர் சிகிச்சை எடுக்கிறவர்கள் கூடவே இதையும் சாப்பிட்டால் தெம்பு வரும், பசி எடுக்கும், எதிர்ப்பு சக்தி ஏறும் என்று பிட் நோட்டீஸில் போட்டிருக்கும். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையில் பாதி.

மீதிப் பாதி, வீடியோ எடுப்பது.

முதலாளி ஜெயராஜ் மாரெட்பள்ளித் தமிழர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ்ச் சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். சபையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லலாம். சாட்சி சொல்வது என்பார்கள். ஜெயராஜ் அதை அப்படியே வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டார். காளான் சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, டப்பாவைக் கையில் கொடுத்து, நான் போனில் படம் பிடிக்க வேண்டும். அதற்கும் அவர் வைத்த பெயர் சாட்சிதான்.

மோசடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தினம் காலையில் அவரே ரெண்டு கேப்ஸ்யூல் போட்டுக்கொள்வார். நம்பித்தான் விற்கிறார். நம்பி விற்கிறவரிடம் வேலை பார்ப்பது இன்னும் கஷ்டம்... சண்டை போடவே முடியாது.

ரோஸி அக்கா அந்தச் சபைதான். வீடு மல்காஜ்கிரி. வீட்டுக்காரர் தேவசகாயம் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் ப்ரிஸில்லா, ஐ.டி. கம்பெனியில் வேலை. அம்மா தமிழில் கேட்டால் மகள் தெலுங்கில் பதில் சொல்லும் வீடு. அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கீமோ ஓடிக்கொண்டிருந்தது.

நான் முதல் டப்பா கொண்டுபோனபோது அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அடுத்த மாதம் போனால் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து சாட்சி சொன்னார். ஜெயராஜ் சொல்லியிருந்ததால் நானும் பின்வரிசையில் போனோடு நின்றேன்.

"கீமோ போட்ட வாரத்துல தண்ணி குடிச்சாலும் குமட்டும். இப்ப பசிக்குது. ராத்திரி உறங்குதேன். கர்த்தர் இந்தக் காளான் மூலமா எனக்குப் பெலன் தந்தாரு" என்றார். கையில் டப்பா. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, தெளிவாக எடுத்தேன். மெரூன் கலர் புடவை. தலையில் ஸ்கார்ஃப். நல்ல வெளிச்சம். வாட்ஸ்அப்பில் அது நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி கரீம்நகர் வரைக்கும் போயிற்று.

அந்த மாதம்தான் ஆஸ்பத்திரியில் வாந்திக்கான மாத்திரையை மாற்றியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சாட்சியில் வாந்தி மாத்திரைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

பிறகு ஒரு நாள் பொட்டலத்தோடு போகிறேன், வீடே சத்தமில்லாமல் இருக்கிறது. கீமோவுக்கு முன்னால் எடுத்த ரத்த ரிப்போர்ட்டில் ஈரல் எண்கள் ஏறியிருக்கின்றன. டாக்டர் கீமோவைத் தள்ளிப் போட்டுவிட்டார். காரணம் தெரிய வேண்டும், வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா இல்லை என்று சொல்லிவிட்டார்.

"காளான் சாப்பிடுறதைச் சொல்லலையா அக்கா?"

"அது மருந்தா தம்பி? செடி கொடி மாதிரி. சாப்பாடுதான?"

"மம்மி, டாக்டர்கி செப்பு. எத்தனை வாட்டி சொல்லணும்" என்று உள்ளேயிருந்து ப்ரிஸில்லா. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தது. கோபம் வந்தால் மட்டும் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வரும் போல.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கீமோதான் ஈரலைக் கெடுக்குது தம்பி. இனி அது வேண்டாம்னு பாக்கேன். காளானைக் கூட்டிச் சாப்பிட்டா போதும்லா? உங்க முதலாளிகிட்ட எவ்வளவு கூட்டணும்னு கேட்டுச் சொல்லு."

வாசலுக்கு வந்து ஜெயராஜுக்கு போன் போட்டேன். ரிப்போர்ட்டைச் சொன்னேன்.

"ஈரலுக்குத்தான் பிரதர் இது ரொம்ப நல்லது. டபுளா ஏத்தச் சொல்லுங்க" என்றார். பிட் நோட்டீஸிலும் அப்படித்தான் இருந்தது.

கீமோவை விடுவதைப் பற்றி என்ன சொல்ல என்று கேட்டேன். "அது அவங்க இஷ்டம் பிரதர், அதுல நாம தலையிடக் கூடாது" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர்கள் வாசல் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஈரலும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆனால் சூரத்தில் சாயம் பட்டுக் கை வெந்தபோது ஆளுக்கொரு களிம்பு கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பூசினேன். எது ஆற்றுகிறது, எது எரிக்கிறது என்று கடைசிவரை தெரியவில்லை. எரிய எரிய இன்னும் பூசினேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். இந்த வீட்டிலும் அதேதான் நடக்கிறது என்று தோன்றியது. அங்கே கை. இங்கே உயிர்.

உள்ளே போய்ச் சொன்னேன். "அக்கா, டோஸ் கூட்ட வேண்டாம். இந்த டப்பாவை அப்படியே டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. கீமோ பத்தியும் அவங்களே சொல்லட்டும்."

"விக்கிற நீயே இப்படிச் சொல்லுதியா?"

"விக்கிறதுனாலதான் சொல்றேன். எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

அக்கா டப்பாவைக் கையில் எடுத்தார். திரும்ப வைத்தார்.

"எப்படிப்பா சொல்லுவேன்? சாட்சி சொல்லிட்டேனே. சபையே கேட்டுச்சு. இப்ப போய் இதனாலதான் ஈரல் கெட்டுச்சுன்னு வந்தா... கர்த்தர் நாமத்துக்கு இழுக்கு இல்லையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாக்டர் திட்டுவார் என்ற பயம் இல்லை. மருந்தா சாப்பாடா என்ற குழப்பமும் பெரிதில்லை. சொன்ன வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோருமே இப்படித்தான். நாலு பேரிடம் புகழ்ந்து வாங்க வைத்த மிக்ஸி, நாமே சிபாரிசு செய்த ஸ்கூல், நாமே முன்னால் நின்று முடித்து வைத்த மாப்பிள்ளை... குறை கண்ணுக்குத் தெரிந்தாலும் வாய் திறப்போமா? ஒரு பொருளை நல்லது என்று வெளியே சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அதற்கு நாம் சம்பளமில்லாத வக்கீல். அக்காவுக்கு மேடை கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்த தேவசகாயம் அண்ணாச்சி, பேப்பரை இறக்காமலே கேட்டார்.

"ரோஸி, கர்த்தர் அந்த டப்பாவுக்குள்ளயா இருக்காரு?"

அக்கா பேப்பரை முறைத்தார்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். டப்பாவுக்குள்ள இருந்தாருன்னா காலாவதி தேதி பாக்கணும்ல?"

"ப்ரிஸி அப்பா, வாய மூடுங்க" என்றார் அக்கா. ஆனால் சிரித்துவிட்டார். அழுகையும் கூடவே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் ஆஸ்பத்திரிக்கு வா தம்பி. டப்பாவை நீயே உன் பையில வெச்சுக்கோ. நான் கையில பிடிக்க மாட்டேன்" என்றார்.

போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். தெலுங்கும் ஹிந்தியும் கலந்து பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். டப்பாவை வாங்கி, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி லேபிளைப் படித்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

"இதை இப்போதைக்கு நிறுத்துங்க. ஈரல் ஏறினது இதனாலதானான்னு எனக்குத் தெரியாது. கீமோ மருந்தாவும் இருக்கலாம். இதை நிறுத்திட்டு மறுபடி ரத்தம் பார்ப்போம். இந்த ரெய்ஷி சில பேருக்கு ஈரலைத் தொந்தரவு பண்ணலாம், ரத்தம் உறையறதையும் மாத்தலாம். உங்களுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, ஊசி குத்துறோம். எனக்குத் தெரியாம இருந்தா எப்படி?"

"நல்லதுன்னு சொன்னாங்க அம்மா" என்றார் அக்கா.

"நல்லதாவே இருக்கலாம். ஜப்பான்ல சில காளான் சத்தை டாக்டர்களே கீமோவோட சேர்த்துக் குடுக்கறாங்க. அது சில கேன்சருக்கு, டாக்டர் பார்வையில. கடையில வர்ற ஒவ்வொரு டப்பாவும் அதே சரக்கு இல்ல. கீமோவுக்குப் பதிலா இது போதும்னு எங்கயும் யாரும் சொல்லல."

அந்தக் கடைசி வரியில் அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கீமோவை விடலாமா என்ற கேள்வியை அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது.

அடுத்த ரிப்போர்ட்டில் எண்கள் இறங்கியிருந்தன. தள்ளிப்போன கீமோவைப் போட்டார்கள். காளானை நிறுத்தியதால் இறங்கியதா, கீமோ தள்ளிப்போனதால் இறங்கியதா? டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. டாக்டரே சொல்லாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி அக்கா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் போன ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா மறுபடி எழுந்தார். அன்றைக்கும் நான் பின்வரிசையில் இருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணாச்சி கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

"போன தடவை நான் சொன்ன சாட்சியில ஒண்ணை விட்டுட்டேன். அந்தக் காளானை டாக்டருக்குத் தெரியாமச் சாப்பிட்டேன். கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். ரிப்போர்ட் மோசமாச்சு. இப்ப சொல்லிட்டேன், நிறுத்திட்டேன், கீமோ எடுக்கேன். காளானைக் குத்தம் சொல்லல. மறைச்சதுதான் குத்தம். என் பேச்சைக் கேட்டு வாங்கினவங்க, உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

ஸ்தோத்திரம் உடனே வரவில்லை. எதற்கு ஸ்தோத்திரம் சொல்வது என்று சபைக்குப் புரியவில்லை போல. போதகர்தான் முதலில் சொன்னார். வெளியே வந்தபோது பக்கத்துத் தெரு லீலா அக்காவும் இன்னொரு அம்மாவும் ரோஸி அக்காவைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டு போனார்கள். அவர்களும் சிகிச்சையில் இருக்கிறவர்கள். அவர்களும் டாக்டரிடம் சொல்லவில்லையாம்.

"வீடியோ பார்த்துத்தான் வாங்கினோம்" என்றார் லீலா அக்கா.

வீட்டுக்குப் போகிற வழியில் ரோஸி அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த வீடியோவை அழித்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஜெயராஜிடம் கேட்டேன்.

"கைக்கு, எதுக்கு பிரதர்? அதுல பொய் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல. அன்னைக்குப் பசி எடுத்துச்சு, சொன்னாங்க."

"ஹவ், ஆமா. அதான சொல்றேன். உண்மையை எதுக்கு அழிக்கணும்?"

"அப்ப அதுக்கப்புறம் நடந்ததையும் அதுகூடவே போடுங்க. அதுவும் உண்மைதான்."

"நக்கோ, வேண்டாம் பிரதர். அது அவங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல உள்ள விஷயம். பர்சனல்."

பசி எடுத்தது ஊருக்கான விஷயம், ஈரல் ஏறியது பர்சனல். அவர் இதை முகம் மாறாமல் சொன்னார். நம்பித்தான் சொன்னார். நான் சாவியை வைத்தேன். அதற்குப் பிறகு டிபன் பாக்ஸ் கதை உங்களுக்குத் தெரியும்.

ஸ்டேஷனை நெருங்கும்போது என் சொந்த போன் அடித்தது. ரோஸி அக்கா.

"என்ன தம்பி, அழிச்சுட்டாரா?"

"இல்ல அக்கா. அழிக்க மாட்டாராம். அழிச்சாலும் பிரயோஜனம் இல்ல, எல்லார் போன்லயும் இருக்கு. நான் வேலையை விட்டுட்டேன்."

பின்னால் குக்கர் விசில்.

"வேலையை எதுக்குடா விட்டே? சரி, விட்டது விட்டாச்சு. உன் போன்ல வீடியோ எடுக்க வருமா?"

"வரும். லென்ஸ்ல கீறல் இருக்கு."

"இருக்கட்டும். வா."

நாக்பூருக்கு டிக்கெட் எடுக்கத்தான் நடந்துகொண்டிருந்தேன். பஸ் பிடித்து மல்காஜ்கிரி போனேன். அக்கா தயாராக உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலி. அதே மெரூன் புடவை. "ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரியணும்லா" என்றார். கையில் டப்பா இல்லை. சபையில் சொன்னதையே சொன்னார், இன்னும் சுருக்கமாக. ஒரே டேக். முகத்துக்குக் குறுக்கே என் லென்ஸ் கீறல் ஒரு கோடு மாதிரி விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, பேச்சு கேக்குதுல்லா" என்றார். ப்ரிஸில்லா தெலுங்கில் ஒரு வரி எழுதிச் சேர்த்து, சபை குரூப்பில் தொடங்கி எல்லா குரூப்புக்கும் அனுப்பியது.

இது கரீம்நகர் வரை போகுமா? தெரியாது. பசி எடுத்த வீடியோ பறக்கும். டாக்டரிடம் கேளுங்கள் என்கிற வீடியோ நடந்துதான் போகும். ஆனால் பக்கத்துத் தெருவுக்கு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. லீலா அக்கா மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

சாப்பிடும்போது அண்ணாச்சி கேட்டார். "அடுத்து எங்கவே?"

"நாக்பூர். இல்லன்னா வேற எங்கயாவது."

"எங்கூட வொர்க்‌ஷாப்புல இருந்த நரசிம்மலு, கீசரா ரோட்டுல ஷெட் போட்டிருக்கான். ஆள் தேடுதான். உமக்கு ஒத்துவந்தா காலையில போய்ச் சேரும்."

என்ன ஷெட் என்று நான் கேட்கவில்லை. அலைகிறவன் அதையெல்லாம் கேட்பதில்லை. புதன் காலையில் போய் நின்றால்... ஓலைக் கூரை, ஈரச் சாக்கு, உள்ளே வரிசையாகத் தொங்கும் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொரு பையிலும் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிக் காளான் எட்டிப் பார்க்கிறது.

"முன்னாடி என்ன வேலை?" என்று நரசிம்மலு தெலுங்கில் கேட்டார்.

"காளான் பிசினஸ்தான்" என்றேன். அனுபவசாலி என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

வைக்கோலை நறுக்கி ஊறப்போடுவது என் வேலை. மத்தியானம் ரோஸி அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, குழம்புக் காளான் சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நல்லா வேகவெச்சுச் சாப்பிடலாமாம். வரும்போது கால் கிலோ கொண்டா."

இந்தக் காளானுக்கு யாரும் எழுந்து நின்று சாட்சி சொல்லப் போவதில்லை. மிஞ்சிப்போனால், உப்பு கொஞ்சம் கம்மி என்பார்கள்.